பாவடியில் கச்சேரி வைத்த கைலாசம்

எனக்குச் சங்கீதம் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, இந்தச் சின்னண்ணனுக்கு என்ன தெரியும் என்று கேட்கக் கூடாது. கச்சேரியில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எனக்குக் கண் சொக்கிவிடும். ஆனால் கைலாசத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் சேலம் அம்மாப்பேட்டையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அவர் வீட்டுத் தறியும் என் வீட்டுத் தறியும் எதிரெதிரே இருக்கின்றன. முப்பது வருஷமாக அவர் தும்மினால் எனக்குக் கேட்கும்.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. குட்டை, ஒல்லி. தறி மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருக்கும். நெசவில் சுமார்தான். இப்படிச் சொன்னால் அடிக்க வருவார், ஆனால் உண்மை அதுதான். மற்றவன் ஒரு வேட்டி நெய்து அறுக்கிற நேரத்தில் இவர் முக்கால் வேட்டியில் நிற்பார். நடுவில், ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் வேட்டி எப்படி நீளும்? சரி, பாடவாவது பாடுவாரா என்றால் அதுவும் இல்லை. குரல் என்ற ஒன்றை ஆண்டவன் அவருக்கு வைக்கவே மறந்துவிட்டான். அவர் வாயைத் திறந்து ஒரு ராகத்தை இழுத்தால் என் பெண்டாட்டி ஆராயி கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில். கல்யாணமாகி மூன்று மாதம். வேட்டிச் சுமையோடு திருச்சிக்குப் போனார். ஒரு நாள் வேலை என்று போன மனுஷன் நாலாம் நாள் வந்து சேர்ந்தார். ஜானகியம்மாள், அதுதான் அவருடைய பெண்டாட்டி, புதுப்பெண், அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். அவள் அண்ணன் கந்தவேல் ஈரோடு வரைக்கும் தேடிப் போய்த் திரும்பியிருந்தார். வந்த கைலாசம் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு கோயில் மண்டபத்துல பாட்டு நடந்துது. மூணு நாளும் ஒக்காந்து கேட்டேன்" என்றார். வேறு ஒருத்தியாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். ஜானகியம்மாள் சோறு போட்டாள். ஆனால் அன்றிலிருந்து பாட்டு என்ற வார்த்தை அந்த வீட்டில் அவளுக்குச் சக்களத்தி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை. திருச்சியில் கச்சேரி, கும்பகோணத்தில் உற்சவம் என்று காதில் விழுந்தால் போதும். விடியலில் எழுந்து சூரமங்கலம் ஸ்டேஷனுக்கு நடந்தே போய் ரயிலேறிவிடுவார். திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்கு யாரையும் விடமாட்டார். பாவடியில் வேலை நடக்கும்போது ஒவ்வொருத்தர் பக்கத்திலும் வந்து நின்று, "அந்த எடத்துல ஒரு புடி புடிச்சாரு பாருங்க, சாமி" என்று ஆரம்பிப்பார்.

பாவடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி பூசி, நீவிவிட்டுக் காய வைக்க வேண்டும். அதற்கென்று எங்கள் தெருக்களுக்குப் பொதுவாக இருக்கிற திறந்த வெளிதான் பாவடி. விடிகிற நேரத்தில் வேலை தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் பூசி முடித்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள் ஈரத்தோடு நிற்கும்போது ஒன்று அறுந்தால், அது பக்கத்து இழையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் பாவே பாழ். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு. இழை அறுந்த சத்தம் கேட்டால் யார் பாவு, எவன் வீட்டுப் பாவு என்று பார்க்கக் கூடாது. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியின் பாவாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவன் ஓடிப்போய் முடிபோட வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு இது பழக்கம். எங்கள் காதுக்கு வேறு எது கேட்கிறதோ இல்லையோ, அந்தச் சத்தம் கேட்கும்.

முப்பத்தாறாம் வருஷக் கடைசியில் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது. கைலாசத்துக்கு அழைப்பு இல்லை. அழைப்பு எதற்கு? வாசலில் நின்று கேட்டார், கூட என்னையும் இழுத்துப்போய் நிறுத்தியிருந்தார். கச்சேரி முடிந்து பெரிய மனிதர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். கல்யாண வீட்டு வியாபாரி, "நம்ம ஊரிலேயே வருஷா வருஷம் ஒரு சங்கீத விழா வைத்தால் என்ன?" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு வக்கீல் சிரித்தார்.

"சேலத்துக்கு எதற்கு ஓய் சங்கீத விழா? இந்த ஊர்க் காதிலே தறிச் சத்தம் தவிர எது ஏறும்? வேண்டியவன் ரயிலேறிப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

நான் கைலாசத்தின் கையைப் பிடித்தேன். அதற்குள் மனுஷன் முன்னால் போய்விட்டார். துண்டு இடுப்பில் இருந்தது, பணிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஏனுங்க, ரயிலேற முடியாதவங்க என்னங்க பண்றது?"

"நீ ஏறுகிறாயே? உன்னை நான் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன்" என்றார் வக்கீல்.

"நான் ஏறறனுங்க. எங்க தெருவுல நானூறு பேரு ஏறலீங்க. கேட்டாத்தானுங்களே காது இருக்குதா இல்லையான்னு தெரியும்?"

வியாபாரிக்கு இது பிடித்துவிட்டது. வருகிற தையிலேயே வைத்துவிடலாம், வித்வான்களை அழைத்து வந்து அனுப்பும் பொறுப்பு தன்னுடையது என்றார். ஆனால் இடம் எங்கே? ஊரில் இருந்த மண்டபத்தில் நூறு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். உடனே கைலாசம், "எங்க பாவடியைத் தாரோமுங்க" என்று சொல்லிவிட்டார். யாரைக் கேட்டு? என்னைக் கேட்டாரா, ஊரைக் கேட்டாரா? தன் வீட்டு முருங்கைமரத்தில் நாலு காய் பறித்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார்.

மறுநாள் பாவடியில் ரகளை. எந்த நாளில் யார் பாவு நீட்டுவது என்று முறை வைக்கிறவர் அவருடைய மச்சினர் கந்தவேல்தான். பெரிய மீசை. அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"கச்சேரின்னா பந்தல் போடுவீங்க. பந்தல் போட்டா வெயில் உளுமா? பாவை எங்க காயப்போடறது, உந்தலை மேலயா? தை மாசம், கல்யாணத்துக்குத் துணி கேட்டு ஊரே நிக்கும். இந்தத் தெருவுல எளவு உளுந்தாத்தான் தறி நிக்கும். உம் பாட்டுக்கு நிக்கோணுமா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கைலாசம் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். பந்தலே வேண்டாம். மேடைக்கு மேல் மட்டும் நாலு கீற்று. தினமும் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். இருட்டுவதற்குள் இடத்தைக் கூட்டிப் பெருக்கித் திருப்பித் தந்துவிடுவோம், விடியலில் பாவு நீட்டலாம். மூன்றே நாள். அந்த மூன்று நாளும் பிற்பகலில் மட்டும் சுற்றியுள்ள நாலு தெருத் தறிகளும் நிற்க வேண்டும்.

"செரி, நாளைக்கு ஏதாச்சும் கேவலம் ஆச்சுன்னா? அந்த வக்கீலு மாதிரி ஆளுங்க ஊரு பூரா சிரிப்பாங்களே, நம்ம பாவடியப் பாத்து?" என்றார் கந்தவேல்.

அப்போது கைலாசம் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நீட்டிக் கட்டியிருந்த பாவைத் தொட்டார். எங்களிடம் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

"என்னால நம்ம பாவடிக்கு ஒரு கேவலம் வந்துதுன்னா, இந்தக் கட்டை வேகற வரைக்கும் வெளியூருக் கச்சேரிக்கு நான் கால் எடுத்து வெக்க மாட்டேன், மச்சான்."

ஒரு குடிகாரன் கள்ளை விடுகிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கைலாசம் பாவைத் தொட்டுச் சொன்னால் செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். கந்தவேல் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆவட்டும்" என்றார்.

சந்தோஷப்பட்டவள் ஒருத்திதான். அன்று மத்தியானம் ஜானகியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து ஆராயியிடம், "கேவலமாவே முடியட்டும் அக்கா. அப்பவாச்சும் அந்த மனுசன் ஊட்டுல கெடப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பதினாறு வருஷமாகத் தனியாகக் கிடந்த கோபம் அதில் இருந்தது.

கைலாசம் எங்களைப் பழக்க ஆரம்பித்தார். ஐயோ, அந்த ஒரு மாதம் எங்களைப் படுத்திய பாடு! கச்சேரியில் எப்படி உட்கார வேண்டும், எங்கே எச்சில் துப்பக் கூடாது, தாளம் போட்டால் தொடையில் மெல்லப் போட வேண்டும், பக்கத்து ஆள் முதுகில் போடக் கூடாது என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். எல்லாவற்றையும்விட முக்கியம், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. "இடி உளுந்தாலும் ஒக்காந்த எடத்துலயே சாவோணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை மட்டும் ஏன் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குக் கோபம்தான்.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதம் விழா தொடங்கியது. முதல் நாள் மூன்று மணிக்கு நாலு தெருத் தறிகளும் நின்றன. அந்த அமைதியே எங்களுக்குப் புதிதாக இருந்தது. குருவி கத்துவதை அம்மாப்பேட்டையில் அன்றுதான் கேட்டேன். எண்ணூறு பேருக்குக் குறையாது. நடுவில் ஒரு கயிறு கட்டி, ஒரு பக்கம் பெண்கள், மறு பக்கம் ஆண்கள். ஓரமாகப் போட்ட நாற்காலிகளில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒரு குறை சொல்ல முடியாது. நான்கூட இரண்டாம் நாள் முக்கால் மணி நேரம் விழித்திருந்தேன். விடியலில் பாவு நீட்டினார்கள், கந்தவேல் ஒன்றும் சொல்லவில்லை. கைலாசத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

மூன்றாம் நாள் பெரிய வித்வான், கும்பகோணம் பக்கத்து அருணகிரி. அவருக்கு வயலின் பாலசுந்தரம். கைலாசம் மேடைக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தார். அருணகிரி ஒரு ராகத்தை எடுத்து மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனார். பேர் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். எண்ணூறு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். குழந்தைகள்கூட அழவில்லை. அவர் நிறுத்தினார், வயலின் அதைப் பிடித்துக்கொண்டு போயிற்று. உச்சிக்குப் போகிற நேரத்தில் வயலின் தந்தி அறுந்தது.

படக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன். என்னோடு முப்பது நாற்பது பேர் ஓடினார்கள். "இழை! இழை!" என்று நாலா பக்கமும் கத்தல். கயிற்றைத் தாண்டிப் பெண்கள் ஓடிவந்தார்கள். கந்தவேல் மீசையோடு ஓடிவந்தார். ஆனால் எல்லோருக்கும் முன்னால் மேடை மேல் ஏறி நின்றது யார்? கைலாசம்! எங்களுக்கு ஒரு மாதம் பாடம் நடத்திய அதே கைலாசம். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அறுந்த தந்தியின் இரண்டு நுனிகளையும் பிடித்து முடிபோட்டுக்கொண்டிருந்தார். பாலசுந்தரம் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்னய்யா இது, என்னய்யா இது!" என்று அலறினார்.

நாற்காலிப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அந்த வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் கைலாசத்துக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. கையிலிருந்த தந்தியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். தந்தியைப் பாய் மேல் மெல்ல வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அருணகிரி என்ன நினைத்தாரோ தெரியாது. தீப்பிடித்துவிட்டதோ என்று பக்கத்தில் கேட்டார். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். புதுத் தந்தி போடுகிற வரைக்கும் பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பாடி, ஆறு மணிக்கு மங்களம் பாடி முடித்தார். நன்றாகத்தான் பாடியிருப்பார். கைலாசம் கேட்கவில்லை. கடைசியில், கஞ்சிப்பானைகள் கவிழ்த்து வைத்திருக்கும் மூலையில், துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் விடியலில் பாவு நீட்டியிருந்தது. எல்லோரும் கஞ்சியும் கையுமாக இருந்தோம். கைலாசம் நேராகக் கந்தவேல் முன்னால் வந்து நின்றார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான், மச்சான். கேவலம் என்னாலதான் வந்துது. நாந்தான் மொதல்ல ஓடினேன். இனி நான் எந்த ஊருக்கும் போவ மாட்டேன்."

"அட, விடுங்க மாமா, நாங்களும்தானே ஓடினோம்" என்றான் மாரி என்கிற பையன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான்கூட, வக்கீல் சிரித்ததில் அவன் பல்தான் தெரிந்தது, நமக்கென்ன என்றேன். கைலாசம் தலையை ஆட்டிவிட்டார். பாவைத் தொட்ட பிறகு சமாதானம் எல்லாம் கிடையாது என்றார். அவர் சொன்னது சரிதான். கந்தவேலும் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? பாவைத் தொட்ட சத்தியத்தை இன்றைக்கு ஒருவருக்காகத் தளர்த்தினால் நாளைக்கு யார் மதிப்பான்?

அப்போது கஞ்சிப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜானகியம்மாள் வந்தாள். பானையைக் கீழே வைத்தாள். ஊரார் முன்னால் அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"அண்ணா, அவரு சத்தியம் பண்ணினது பண்ணினதுதான். அவரு போவ வேண்டாம். போறேன்னாலும் நான் உட மாட்டேன்."

கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஜெயித்துவிட்டாள், அதை இப்படியா எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"பதினாறு வருசமா இவரு ஊருக்குப் போயிட்டு வந்து எங்கிட்டப் பாட்டைப் பத்திச் சொல்லுவாரு" என்றாள். "எனக்கு ஒரு எளவும் புரியாது. அடுப்பைப் பாத்துக்கிட்டு உம் போடுவேன். இப்பவும் பாட்டுப் புரிஞ்சுதான்னு கேட்டா, இல்லீங்கண்ணா. ஆனா மொத நாளு கயித்துக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து அவரு மூஞ்சியப் பாத்தேன். எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த மூஞ்சிய நான் பாக்கலை. ரெண்டாம் நாளும் பாத்தேன். அத்தனையும் இவரு எங்கயோ திருச்சியில, கும்பகோணத்துல, முன்ன பின்ன தெரியாதவங்க நடுவுல கொண்டுபோயிக் கொட்டிட்டு வந்திருக்காரு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மூஞ்சிய நான் வருசத்துக்கு ஒருக்காவாச்சும் பாக்கோணும். அவரு அங்க போவக் கூடாதுன்னா, அது இங்க வரோணும். பாவடியைக் குடுங்க."

கந்தவேல் மீசையைத் தடவினார், பாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளு?" என்றார்.

"அஞ்சு."

"மூணு நாளே அதிகம்."

"அஞ்சு, அண்ணா."

"கஞ்சி ஆறுது. போயி வேலையப் பாருங்க" என்று அதட்டினார் கந்தவேல். அவர் சம்மதம் சொல்கிற விதம் அதுதான். கைலாசம் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, தன் வயதைப் பார்க்காமல் எல்லோர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதார். என் கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நான் மாரியைப் பிடித்துத் திட்டினேன்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் சும்மா நின்றன. அப்போதும் இரண்டு நாளாவது விழா நடந்தது. சேலத்துக்குச் சங்கீத விழா தேவையா என்று அந்த வக்கீல் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார், முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. கைலாசம் அதற்கப்புறம் சூரமங்கலம் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. தை மாதம் வந்தால் மேடைக்குப் பக்கத்தில் அவருடைய இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஜானகியம்மாள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரே இடத்தில்தான் உட்காருவாள், வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய வித்வான்கள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருத்தர் முகம்கூட அவளுக்கு அடையாளம் தெரியாது.